தேதி போடாத கடிதம்

பசை தடவும்போது நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கம்பெனி அந்த வழக்கில் தோற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

மேட்டூரில் ரசாயனம் காய்ச்சும் கம்பெனி ஒன்றில் அவர் பதினாலு வருஷமாகச் சட்ட அதிகாரி. கோர்ட்டு வாசலில் கட்சிக்காரனுக்காகக் காத்து நிற்கும் வக்கீல் அல்ல. அவருக்கு ஒரே கட்சிக்காரன், அவனே முதலாளி. மேசைமேல் தலையணை கனத்தில் ஒரு தொழிற்சட்டத் தொகுப்பு இருந்தது. எங்காவது ஒரு சட்டம் மாறினால், புத்தகம் போட்ட மெட்ராஸ்காரர்கள் திருத்தச் சீட்டுகளைத் தபாலில் அனுப்புவார்கள். சீட்டை வெட்டி, உரிய பக்கம் பார்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த வேலையை நாச்சிமுத்து யாரிடமும் விடமாட்டார். விடமாட்டாரே தவிர, செய்யவும் மாட்டார்.

ஒரு வருஷத்துச் சீட்டுகள் டிராயரில் சேர்ந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், கொள்ளுப் பருப்பு கடைந்து உண்ட வயிற்றோடு, மைதாப் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழெட்டுச் சீட்டு வரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு எது எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியாது, புத்தகத்துக்கும் தெரியாது.

அது தெரிந்தது 1973 ஆனி மாதம், கோயமுத்தூர் தொழிலாளர் கோர்ட்டில். பாய்லர் பிரிவுச் சென்றாயன் ராத்திரி ஷிப்டில் தூங்கினான் என்று கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. நாச்சிமுத்து எழுந்து நின்று, தண்டனை எவ்வளவு என்பது நிர்வாகத்தின் பாடு, அதைக் கூட்டவோ குறைக்கவோ கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று கம்பீரமாகப் படித்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அது எந்த வருஷத்துப் புத்தகம் என்று விசாரித்தார். அந்த அதிகாரம் கோர்ட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எதிர்க்கட்சி வக்கீல் சிரிக்கக்கூட இல்லை. தன் புத்தகத்தை விரித்து, கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மரியாதைதான் நாச்சிமுத்துவைக் கொன்றது. சென்றாயன் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

மேட்டூருக்கு வந்து பக்கம் பக்கமாகத் தேடியதில் அந்தச் சீட்டு அகப்பட்டது. இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க வேண்டும் என்கிற பிரிவின்மேல், ஒரு சுருக்கமில்லாமல், அழகாக ஒட்டியிருந்தது. தூங்கியவனை நீக்கிய வழக்கைத் தூங்கியே தோற்றவர் இந்தியாவில் தான் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று நாச்சிமுத்து எண்ணிக்கொண்டார். அதில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. வேறு எதில்தான் அவர் முதலாவதாக வந்திருக்கிறார்?

பெர்சனெல் மேனேஜர் சண்முகவேல் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நான்கு நாள் காத்திருந்தார். திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. அவருடைய நீண்ட சேவையை நிர்வாகம் மதிக்கிறதாம். நாச்சிமுத்து அறைக் கதவைச் சாத்திவிட்டு அதை இன்னொரு முறை படித்தார்.

கதவைச் சாத்தியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடிதத்தின் வாசகம் அவர் எழுதியது. நாலு வருஷத்துக்கு முன்னால், வேண்டாத உத்தியோகஸ்தர்களைச் சத்தமில்லாமல் கழிக்க ஒரு வழி சொல்லச் சொல்லி நிர்வாகம் கேட்டபோது, அவர்தான் மூன்று கடிதம் வகுத்துக் கொடுத்தார். முதல் கடிதம் பாராட்டு. இரண்டாவது, பயிற்சிக்கு அனுப்புவது. மூன்றாவது, பயிற்சி கொடுத்தும் பலனில்லாததால் மிகுந்த வருத்தத்துடன் விடை கொடுப்பது. கோப்பைத் திறந்து பார்க்கிறவனுக்குக் கம்பெனி பெற்ற தாயாகவும், போகிறவன் தறுதலைப் பிள்ளையாகவும் தெரிய வேண்டும். ஆபீசில் இதற்கு நாச்சிமுத்து மூணு கடுதாசி என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த வழியாக மூன்று பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகப் போனவர் ஸ்டோர் கீப்பர் ராசப்பன்.

ஆடி பிறந்ததும் இரண்டாவது கடிதம் வந்தது. சேலத்துக்குப் பக்கத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், கம்பெனிச் சட்ட அதிகாரிகளுக்கு ஆறு நாள் பயிற்சி வகுப்பு. சட்டப் பிரிவிலிருந்து நாச்சிமுத்துவும், ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த உதவியாளர் சாரதாமணியும் போக வேண்டும்.

சட்டம் படித்துப் பாஸான ஆளை மறுபடி படிக்க அனுப்புவது, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனை மறுபடி பெண் பார்க்க அனுப்புவது மாதிரி. அந்தக் காலத்தில் கேள்விப்படாத சங்கதி. நாச்சிமுத்து நேராகப் போய்ச் சண்முகவேலிடம் எதற்காக இது என்று கேட்டார். சண்முகவேல் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். டீ வரவழைத்தார். டீயோடு பிஸ்கட்டும் வந்தது. பதினாலு வருஷத்தில் அந்த அறையில் அவருக்குப் பிஸ்கட் வந்ததே கிடையாது.

“எல்லாம் உங்க நல்லதுக்குத்தானுங்க நாச்சிமுத்து” என்றார் சண்முகவேல்.

இதுவும் நாச்சிமுத்துவின் வாசகம்தான். மூன்று கடிதத்தோடு, இடையில் சம்பந்தப்பட்டவர் வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்.

வீட்டில் அவர் மனைவி சௌந்திரத்துக்குக் கடிதங்களின் கதை முழுக்கத் தெரியும். அவளுக்கு வேண்டியது வேறு. கம்பெனிக் குவார்ட்டர்ஸின் பின்புறம் சுரை விதை போட்டு முளைத்திருந்தது. கொடிக்குப் பந்தல் போடலாமா வேண்டாமா என்று அவள் கேட்டாள். நாமக்கல்லில் இருந்த அவள் அண்ணன் சென்னிமலை, அங்கே முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே ஒரு அறை காலியாவதாகவும், மாப்பிள்ளை வந்து சொந்தமாக வக்கீல் போர்டு மாட்டிக்கொள்வதென்றால் ஆவணி ஒண்ணாம் தேதி குடியேறலாமென்றும் எழுதியிருந்தார். வீட்டுக்காரர் பயிற்சி முடிகிற சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுப்பார். அதற்குமேல் அந்த அறை ஒரு பத்திர எழுத்தருக்குப் போய்விடும்.

“போறதா இருக்கறதா, ஒண்ணு சொல்லுங்க” என்றாள் சௌந்திரம். “சொரக்கொடிக்குக்கூடத் தெரிஞ்சாகோணும்.”

அதுதான் சங்கடம். வேலை நிலைக்குமென்றால் ஓட்டுக் கூரையும் சம்பளமும் உள்ள இடத்தை விட்டுவிட்டு, ஐம்பது வயசில் போர்டு மாட்டி ஈ ஓட்டப் போவானேன்? நிலைக்காதென்றால், சனிக்கிழமையைக் கோட்டை விட்டவனுக்கு அறையும் இல்லை, வேலையும் இல்லை. யாராவது ஒருவர் உண்டு அல்லது இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் சொல்லாமலிருக்கப் பழக்கிக் கொடுத்தவரே அவர்தான்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. புழுதிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. ஆலைகளிலிருந்தும் மில்களிலிருந்தும் பதினெட்டு சட்ட அதிகாரிகள், பெரிய பையன்கள் மாதிரி பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி. சட்டம் வேட்டி மாதிரி, தினம் தோய்த்துக் கட்ட வேண்டும் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நாச்சிமுத்து எழுதவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து சாரதாமணி எழுதுவதைத்தான் அவர் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாரதாமணி ராசிபுரத்து வாத்தியார் மகள். மெட்ராஸில் பி.எல். படித்தவள். அதிகம் பேசமாட்டாள், சேலம் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனாள். நீதிபதி பேசும்போது அவள் பேனா சும்மா இருந்தது. நாச்சிமுத்து கேள்வி கேட்டால் பேனா கீச்சிட்டது. அவர் கொட்டாவி விட்டாலும் கீச்சிட்டது. சோதித்துப் பார்ப்போமென்று செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே ஒருமுறை தும்மினார். கீச்சிட்ட மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் ஒரு பழுப்பு உறையைத் தபால் பெட்டியில் போடுவதைத் தற்செயலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். உறைமேல் கம்பெனி விலாசம்.

என்ன அம்மணி எழுதறே என்று கேட்டதற்கு, பாடம்தானுங்க சார் என்றாள். எவ்வளவு பணிவு! அந்தப் பணிவைக் கேட்டதும் அவருக்குப் பிஸ்கட் ஞாபகம் வந்தது.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில், மலைப் பாதை வளைந்து ஏறும் இடத்தில் ஒரு டீக்கடை. வகுப்பு விட்டதும் எல்லாரும் அங்கேதான் போவார்கள். புதன்கிழமை நாச்சிமுத்துவும் போனார். கூட்டத்துக்கு நடுவே, டீயை ஒரு கை நீள உயரத்துக்குத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஸ்டோர் கீப்பர் ராசப்பன்.

நழுவிவிடலாம் என்று திரும்பினார். ராசப்பன் பார்த்துவிட்டார்.

“வாங்க வக்கீலுங்க. சக்கரை அரையா முழுசுங்களா?”

முழுசு என்றார் நாச்சிமுத்து. என்னத்தைக் கலந்து தருவாரோ என்று டம்ளரை முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் வாசம்தான் வந்தது. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் குடித்தார். ஆயுசில் அவ்வளவு நல்ல டீயைக் குற்றவாளி மாதிரி குடித்தது அன்றைக்குத்தான்.

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்த பிறகு ராசப்பனே பேச்செடுத்தார். குரலில் கோபம் இல்லை. யாரோ மூன்றாம் மனிதரின் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னார். பயிற்சி முடித்துத் திரும்பிய மறுநாள் அவர் நாச்சிமுத்துவின் அறைக்கு வந்து, என்னை அனுப்பிடுவீங்களா என்று கேட்டிருந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் பார்க்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாரமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னு சொன்னீங்க. படிச்சவங்க வாக்கு, சும்மா இருக்காதுன்னு பட்டறைக்காரரை வேண்டாம்னுட்டேன். அடுத்த செவ்வாக்கிழமை உங்க மூணாவது கடுதாசி வந்துச்சுங்க.” டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ராசப்பன் தொடர்ந்தார். “அனுப்பினதுக்கு எனக்கு வருத்தம் இல்லீங்க. ஸ்டோர்ல கணக்கு நான் கொஞ்சம் கோணலாத்தான் வச்சிருந்தேன். ஆமாம்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, நான் இந்நேரம் நாமக்கல்லுல நாற்காலியில உக்காந்திருப்பேன்.”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வந்த வார்த்தை எல்லாம் கடித வாசகமாகவே வந்தது. மிகுந்த வருத்தத்துடன் என்று தொடங்கிவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். திரும்பியபோது, பஸ்ஸுக்காகக் கடை ஓரத்தில் நின்ற சாரதாமணி எல்லாவற்றையும் கேட்டிருந்தது தெரிந்தது. அவள் கையில் நோட்டு இருந்தது. மூடியிருந்தது.

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வராது, பசை தடவும்போது மட்டும் வரும்.

வெள்ளிக்கிழமை நீதிபதி எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஸ்டென்சில் வெட்டி உருட்டிய தாள். மை கையில் ஒட்டியது. பெயரும் ஊரும் எடுத்துவிட்ட மூன்று கடிதங்கள். ஏதோ ஒரு கம்பெனியில் உத்தியோகஸ்தரை நீக்கக் கையாளும் முறை, சட்டப்படி இதில் ஓட்டை இருந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். நாச்சிமுத்து முதல் வரியைப் படித்தார். சொந்தப் பிள்ளையைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது.

சண்முகவேல்தான் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். கேலிக்கா, எச்சரிக்கைக்கா? நீதிபதியும் இதற்கு உடந்தையா? பதினேழு பேரும் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் தாளை வியந்துகொண்டிருந்தார்கள். பிசிறு இல்லாத வேலை என்றார் ஒரு மில்காரர். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் என்றார் இன்னொருவர். தன் வேலைக்கு இத்தனை பாராட்டு கிடைத்த ஒரே நாளில், அதை எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலை.

அவர் எழுந்தார். ஏன் எழுந்தோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறார்.

ஓட்டை இருக்கிறது என்றார். மூன்று கடிதத்திலும் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தால் முழுப் பொய். பயிற்சிக்குப் போகிறவன் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்று நம்பிப் போகிறான். அவன் என்ன கற்றாலும் மூன்றாவது கடிதம் மாறாது. அப்படியென்றால் அது பயிற்சி அல்ல, கோப்புக்குப் போடும் தீனி. அந்த நம்பிக்கையில் அவன் வேறு வேலையை வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். பிறகு மலையடிவாரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருக்கலாம். இதை எழுதியவன் கெட்டிக்காரன். ஆனால் அவனுக்கு ஒருவன் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. அதற்காகவே மூன்று தாளைச் செலவழித்திருக்கிறான்.

அத்தோடு உட்கார்ந்துவிட்டார். பின் பெஞ்சில் பேனா கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நீதிபதி, அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், ஆனால் அவன் நல்ல தூக்கக்காரன் என்றார் நாச்சிமுத்து. வகுப்பு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சனிக்கிழமை மத்தியானம் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. ஐந்து மணிக்குள் அஸ்தம்பட்டித் தபாலாபீஸுக்குப் போனால் நாமக்கல்லுக்கு ட்ரங்க் கால் போட்டு, சென்னிமலையிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். என்ன வார்த்தை என்பதுதான் தெரியவில்லை.

சாரதாமணி ராசப்பன் கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். ராசப்பன் கேட்காமலே இரண்டு டீ போட்டு வைத்தார். நாச்சிமுத்து பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைத்துக் கேட்க நாலு வழி மனசில் தயாராக இருந்தது. மேலிடத்தின் எண்ணம் எப்படி என்று ஒன்று. வருங்காலத்தில் சட்டப் பிரிவு எப்படி அமையும் என்று ஒன்று. அடுப்பில் பால் பொங்கி வர, ராசப்பன் கரண்டியோடு குனிந்தார். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

நாலு வழியையும் விட்டுவிட்டு, இதே ராசப்பன் ஒருநாள் அவர் அறை வாசலில் நின்று கேட்ட மாதிரியே கேட்டார்.

“அம்மணி, என்னை அனுப்பிடுவாங்களா?”

சாரதாமணி டம்ளரைக் கீழே வைத்தாள். நோட்டை எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிறாள் என்று நாச்சிமுத்து அவள் உதட்டையே பார்த்தார். தானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

“ஆமாங்க சார்” என்றாள். “கடுதாசி போன வாரமே ரெடிங்க. டைப் அடிச்சதே நான்தான். மேனேஜர் பீரோவுல இருக்குது, தேதி மட்டும் போடலீங்க. நீங்க தூங்கறீங்க, வகுப்புக்கு வாரதில்லைன்னு நான் எழுதி அனுப்பினா அதைப் பார்த்துத் தேதி போடறதா இருந்தாங்க. நான் உள்ளதைத்தான் எழுதினேன். ஆறு நாளும் வந்தாரு, கொட்டாவி விட்டாரு, ஆனா நேத்து அவரு பேசின மாதிரி அங்க வேற யாரும் பேசலைன்னு. அதுக்கப்புறமும் தேதி போட்டாலும் போடுவாங்க. போட்டா, சென்றாயனைக் காப்பாத்தின செக்ஷன் உங்களைக் காப்பாத்தாதுங்க. அது தொழிலாளிக்கு, உங்களுக்கில்லை. வேற எங்காச்சும் இடம் இருந்தா விட்டறாதீங்க. உங்க நாற்காலிக்கு வாரியான்னு எங்கிட்டக் கேட்டாங்க. வாரேன்னுதான் சொன்னேனுங்க சார். காலியானா வாரேன்னு சொன்னேன். காலி பண்ணிக் குடுங்கன்னு நான் கேக்கலீங்க.”